அவள் பெயரில் ஒரு பூஞ்சை

நாத்தனார் கையைத் தட்டிக்கொண்டே கூடத்துக்குள் வந்தாள். அண்ணன் கண்மூடி அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டாள்.

“ரூம் நிறைய காய்ஞ்ச சருகு, அண்ணி. எல்லாம் கரும்புள்ளி விழுந்து, பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. மூட்டை கட்டி வாசல் குப்பைத்தொட்டியில போட்டுட்டேன். நாலு பேர் வர்ற வீடு.”

கூடத்தில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பகீரென்றது. இலைகளில் வாழும் பூஞ்சைகளை இனம் பிரித்துப் பெயர் வைப்பதுதான் கணவருக்கு வேலை. பெண்டாட்டி பெயரை வீட்டுக்கு வைப்பார்கள், கடைக்கு வைப்பார்கள். இந்த மனுஷர் கல்யாணமான புதிதில் இலையில் கண்ட ஒரு கரும்புள்ளிக்கு வைத்தார். பல நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்கும் வந்தது வினை. வீட்டில் ‘மரபணுக்காரர்’ என்று பட்டம் வாங்கிய சக ஆய்வாளர், அது தனி இனமே இல்லை, ஏற்கெனவே பெயருள்ள பழைய பூஞ்சைதான், புதுப்பெயரை நீக்க வேண்டும் என்றார். “பூஞ்சை வித்துக்குள்ள குறுக்குத் தடுப்பு மூணா நாலான்னு எண்ணத் தெரியாதவன்!” என்று இவர் குதித்தார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அதைத் தனி இனம் என்றிருந்தார். முதன்முதலில் பெயர் வைத்த அந்த இலையில் துளி கிள்ளி மரபணுவைச் சோதித்தால் வழக்கு தீர்ந்துவிடும். இவரோ அதை ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்.

“என் கண்ணு மூடின பிறகு எடுத்துக்கட்டும்!”

மூடிவிட்டது. மரபணுக்காரரும் வந்துவிட்டார். மூடியது நிஜந்தானா என்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இனிமே நான் யார்கூட மேடம் சண்டை போடுவேன்?”

மூக்கைச் சிந்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த இலை...?”

தெருமுனையில் குப்பை வண்டி உறுமியது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இலை குப்பையோடு போய்விட்டால், அவள் பெயரை இனி எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது. கணவரும் தோற்காமலே போய்ச் சேருவார். ஆனால் வீம்புக்கு ஒளித்துவைத்தாரே தவிர, அந்த இலையை அடிக்கடி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தடுப்பை எண்ணாமல் அவரால் இருக்க முடிந்ததில்லை. எண்ணிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். இலையை மறுபடி உறைக்குள் போட்டு வைப்பார். பாவம், கடைசிவரை அவருக்கே நிச்சயமில்லை.

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வாய் பிளந்து பார்க்க, குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டாள்.

“ஐயோ, அண்ணிக்குச் சித்தம் கலங்கிடுச்சு!” என்று நாத்தனார் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி! இன்னும் அடியில இருக்கு!”

வண்டி வந்து நிற்பதற்குள் பழுப்பேறிய உறை கையில் சிக்கியது. ஊதித் தூசி தட்டி மரபணுக்காரரிடம் நீட்டினாள்.

“ஓரத்துல துளிதான் கிள்ளணும்.”

“சரிங்க மேடம்.”

“ரெண்டு பூஞ்சையும் ஒண்ணுதான்னு வந்தா, முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அவர்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

மரபணுக்காரர் தலையாட்டினார்.

அவள் உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் விழுந்திருந்த அவருடைய முடியைச் சருகுத்தூள் ஒட்டிய விரலால் ஒதுக்கிவிட்டாள்.