தகரக் கொட்டகைக்கு ஒரு ஃபேன்

ஜப்பானில் ஒரு செமஸ்டர் படித்ததில் நீ கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது கல்லூரி. நர்மதா காலையிலிருந்து முதல் வரியை எழுதுவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். ‘மறக்க முடியாத அனுபவம்’ என்று ஒரு தடவை எழுதினாள். அது பொய்யில்லை. மறக்க முடிந்திருந்தால் ஊர் திரும்பி நாலு நாள்கூட ஆகாமல் இப்படி வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா குணாளன், கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையை வேலை நாளில் போட்டுக்கொண்டு, கையில் ஸ்வீட் டப்பாவோடு வந்து நின்றார்.

“கெளம்பு. கம்பெனி வரிக்கும் போய்ட்டு வந்துரலாம்.”

“எதுக்கு நைனா?”

“மொரிட்டா சாரு இன்னிக்கு இருக்காரு. சூப்பர்வைசராண்ட சொல்லி வச்சிட்டேன். அவுரு பாஷையில நீ ஒரு வார்த்த கேளு, போதும்.”

குணாளனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஜப்பான் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. வேலைதான் அங்கே, ஆள் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. கான்ட்ராக்ட். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்டர் மாறுவார், சட்டையின் நிறம் மாறும், மெஷின் மட்டும் மாறாது. நர்மதா பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. இப்போது நர்மதாவின் அம்மா திலகவதியின் தம்பி அன்புசெல்வன், அக்கா வீட்டுக்காரருக்காகத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தான். சம்பளம் கொஞ்சம் குறைச்சல், தூரம் அதிகம், ஆனால் நேராகக் கம்பெனி ரோல், நடுவில் கான்ட்ராக்டர் கிடையாது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். குணாளனோ மொரிட்டா சாரைக் கேட்காமல் எதுவும் சொல்வதாக இல்லை. பிளான்ட் ஹெட்டான அவர் ஒருத்தர் மனசு வைத்தால் போதும், தன் வேலை பர்மனென்ட் என்பது அவருடைய முடிவான எண்ணம்.

“அந்தாளு மனசு வைக்கிறவரா இருந்தா இந்நேரம் வச்சிருக்க மாட்டாரா? என் தம்பி கையில கொண்டாந்து குடுக்கிறான். இவுரு ஜப்பான்காரன் வாயப் பாத்துக்கினு நிக்கிறாரு,” என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் திலகவதி.

“அப்போ அவராண்ட பேசறதுக்கு நமக்கு ஆளு இல்ல. இப்போ கீது.”

நர்மதா எழுந்து தலைவாரப் போனாள். அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. மறுப்பதற்கு அவளுக்கு முகமும் இல்லை. இன்னும் ஆறு மாசம் அங்கேயே இருந்து படிக்கப்போகிறேன் என்று ஜனவரி முழுக்க ஃபோனில் சொல்லிவிட்டு, பிப்ரவரி கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவள் அவள். அப்பா அதைக் கம்பெனியில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார். “இன்னாப்பா, பொண்ணு வந்துடுச்சாமே?” என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கவரைப்பேட்டையைத் தாண்டி வண்டி ஹைவேயில் ஏறியதும் கன்டெய்னர் லாரிகளின் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து மொரிட்டா புராணத்தை ஆரம்பித்தார் குணாளன். தரையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தாலும் தானே குனிந்து எடுப்பாராம். யாரையும் வாடா போடா என்று பேசமாட்டாராம். கான்ட்ராக்ட் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற தகரக் கொட்டகைக்கு ஒரு நாள் அவரே வந்து பார்த்தாராம்.

“தகரம் காயறதுல உள்ள சோறு துன்ன முடியாது. ஃபேன் ஓணும்னு கைய சுத்திக் காட்டுனேன். ஓகே ஓகேன்னாரு. வந்துரும், இந்த வெயிலுக்குள்ள.”

“எப்போ கேட்ட நைனா?”

“அது ஆவுது, மூணு வெயிலு.”

நர்மதா பின்னால் உட்கார்ந்து எதிர்க்காற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஜப்பானில் தன் பேராசிரியராக இருந்த நகானோ சென்செய் ஞாபகம் வந்தார். இன்னொரு செமஸ்டர் உங்கள் லேபிலேயே இருக்கலாமா என்று டிசம்பரில் அவரிடம் கேட்டாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, சிரித்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று பூரித்துப்போய், பனியில் சறுக்கிச் சறுக்கி விடுதிக்கு நடந்தாள். ஒரு மாசம் அவர் யோசித்து முடிப்பதற்காகக் காத்திருந்தாள். கடைசியில் விடுதிச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த வியட்நாம்காரி லின்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டார், உனக்குத்தான் தெரியவில்லை, ஊரில் யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லையா என்றாள். அதற்குள் இன்னொரு லேபில் காலியாக இருந்த ஒரே இடமும் நிரம்பிவிட்டது. முடியாது என்று ஒற்றை வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அங்கே போய்க் கேட்டிருப்பாள். அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவர் அவமானப்படுத்தவில்லை, ஏமாற்றவும் இல்லை. தன்னையே திட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போனதுதான் பெரிய எரிச்சல்.

கம்பெனி வரவேற்பறையில் ஏசி ஓடியது. குணாளன் சோபாவில் உட்காரவில்லை. அந்தக் கதவு வழியாக அவர் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. அவருடைய வாசல் பின்பக்கம், லோடு வண்டி போகிற கேட்.

மொரிட்டா குள்ளமாக, தொழிலாளர்களுடையதைப் போலவே ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நர்மதா குனிந்து வணக்கம் சொல்லி அவருடைய மொழியில் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊரில் படித்தாய், அங்கே பனி அதிகமாயிற்றே, எப்படிச் சமாளித்தாய் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அவள் சொல்லச்சொல்லக் கைதட்டாத குறையாகத் தலையாட்டினார். குணாளன் ஒரு சொல்கூடப் புரியாமல், மகள் வாயையே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அவள் பரிசு வாங்கின அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.

அப்புறம் அவள் கேட்டாள். அப்பா இங்கே ரொம்ப வருஷமாக வேலை செய்கிறார். அவரைக் கம்பெனியின் ஆளாகவே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா?

மொரிட்டாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. தலை மட்டும் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. கொதிக்கிற டீயை உறிஞ்சுகிற மாதிரி, பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.

“அப்படியா. யோசித்துப் பார்க்கிறேன்,” என்றார்.

நர்மதா இதை முன்பே பார்த்திருக்கிறாள். விடாமல் இன்னொரு தடவை கேட்டாள். அப்பாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். மறுபடியும் அதே சாய்வு, அதே மூச்சு. குணாளன் எங்களுக்கு மிகவும் முக்கியமானவர் என்றார் மொரிட்டா. முடியாதென்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள் சார் என்பதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொல்லவில்லை. குனிந்து நன்றி சொன்னாள். அவர் குணாளனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, ஸ்வீட் டப்பாவை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பூப்போட்ட காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் குணாளனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்ப்பக்கம் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னார்.

“இன்னா சொன்னாரு? அப்டியே சொல்லு.”

“யோசிக்கிறேன்னாரு,” என்றாள். அவர் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு, தானும் இப்போது நகானோ சென்செய் செய்த வேலையைத்தான் செய்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அதற்குள் அப்பா ஃபோனை எடுத்துவிட்டார்.

“யாருக்குப் போட்ற?”

“உங்க மாமனுக்கு. தேர்வாய்க்கு வரலன்னு சொல்லிடறேன். பாவம், அவனும் எத்தினி நாளு காத்துக்கினு இருப்பான்?”

“வைய் நைனா. ஃபோன வைய் மொதல்ல.” அவள் குரலில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவுரு முடியாதுன்னு சொல்லிட்டாரு.”

“யோசிக்கிறேன்னாருன்னு இப்போதான சொன்ன?”

“அங்க அதுக்கு அதான் அர்த்தம்.”

“சிரிச்சாரும்மா. கைய புடிச்சாரு, நீயும் பாத்துக்கினுதான இருந்த? இதோ, இத வேற குடுத்தாரு.” பெட்டியைத் தட்டிக் காட்டினார். “நான் அவர நாலு வருசமா பாக்கறேன். ஆறு மாசம் போய்ட்டு வந்துட்டு நீ எனக்கு அவர சொல்லித்தர்றியா?”

“எங்க சாரும் சிரிச்சாரு நைனா. அத்த நம்பித்தான் ஒரு மாசம் காத்துக்கினு இருந்தேன். இன்னொரு லேப்ல எடம் இருந்துச்சு, அதுவும் பூட்ச்சு.” வந்த நாளிலிருந்து யாரிடமும் இதை அவள் சொல்லியிருக்கவில்லை. “இப்டித்தான் பண்ணாரு.”

அவள் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்துக் காட்டினாள்.

குணாளன் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா செய்யி,” என்றார்.

செய்தாள்.

அவர் டீ கிளாஸை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தகரக் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. மாசி வெயிலில் அது இப்போதே கண் கூசுகிற அளவுக்குத் தகதகத்தது.

“ஃபேனு கேட்டன்னிக்கி இப்டித்தான் பண்ணாரு,” என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “தோ பாரு, இல்லன்னா இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒண்ணு வாங்கி மாட்டிருப்போமே! மூணு வெயிலா தட்டத் தூக்கினு மரத்தடியில குந்திக்கினுகீறோம். தோ வந்துரும், தோ வந்துரும்னு நான்தான் எல்லாரையும் நிறுத்தி வச்சேன்.”

அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை விலக்கவும் இல்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. பூப்போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் கிடந்த ஃபோன் அதிர ஆரம்பித்தது. அன்புசெல்வன்.

குணாளன் அது அதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுவிடும் போலிருந்தபோது எடுத்துக் காதில் வைத்தார்.

“சொல்லு மச்சான்.”

அந்தப் பக்கம் அன்புசெல்வன் படபடவென்று ஏதோ பேசினான். ஒரு லாரி உறுமிக்கொண்டு கிளம்பியதில் நர்மதாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் கண் ரோட்டைத் தாண்டித் தகரக் கூரையிலேயே இருந்தது. அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். அது முடியாது என்பதா, நிஜமாகவே யோசிப்பதா என்று தெரியாமல், கையில் ஆறிக்கொண்டிருந்த டீயோடு நர்மதா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.