கழுகுக்கண்ணியின் தொட்டி

மீன் பண்ணையில் அவளுக்குக் கழுகுக்கண்ணி என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சைப் புரட்டி வயிற்றுக்கடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆணுக்கு இரண்டு துளை. பெண்ணுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி குறுக்கே ஒரு கீறல். ஆண் வலது தொட்டி, பெண் இடது தொட்டி. குளத்துக்கு ஆண்கள் மட்டுந்தான் போகும். பெண்கள் நாலைந்து தப்பி உள்ளே போனாலும் போச்சு, குளம் பூராவும் பொடிசு பெருகி, தீனியைப் பங்குபோட்டுத் தின்று, ஒன்றுகூட விற்கிற அளவுக்கு வளராது.

அந்த மயிரிழைதான் இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. கண்ணில் பாலாடை படிந்தாற்போல் ஒரு மூட்டம். யாரிடம் போய்ச் சொல்வாள்? இருப்பது தம்பி வீட்டில். வேலையும் போனால் தண்டச்சோறுதான். அதனால் பெரிசெல்லாம் ஆண், சிறிசெல்லாம் பெண் என்று குத்துமதிப்பாகத் தள்ள ஆரம்பித்தாள். ஆண் சீக்கிரம் வளரும், வாஸ்தவந்தான். கொழுத்த பெண்ணும் உண்டே, அது இவளுக்குத் தெரியாதா என்ன!

பக்கத்து முக்காலியில் தம்பி மனைவி. வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் கொஞ்ச நாளாக இவளுடைய வலது தொட்டிக்குள் கையை விட்டு, சில மீன்களை எடுத்து இடதில் போட்டுக்கொண்டிருந்தாள். வேவு பார்க்கிறாள், சமயம் பார்த்துப் போட்டுக்கொடுக்கப்போகிறாள் என்று இவள் உள்ளுக்குள் கறுவினாள்.

ஒருநாள் காலையில் குளத்தோரம் பொடிசுகள் கும்பலாக மொய்த்தன. சூப்பர்வைசர் கொதித்துப்போய்க் கொட்டகைக்கு வந்தார். தம்பி மனைவியின் கை அடுத்தவள் தொட்டியில் விளையாடுவதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். கலந்துவிட்டது அவள்தான் என்று முடிவுகட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்கிறவள், வாயே திறக்கவில்லை.

அவர் ஒரு குஞ்சை அள்ளிக் கழுகுக்கண்ணியின் கையில் வைத்தார்.

"எப்படிப் பாக்கணும்னு இவளுக்கு ஒரு தடவ காட்டுங்கக்கா."

புரட்டினாள். வெறும் வெள்ளை. மீன் துள்ளியது. அப்போது காதோரம் மெதுவாகத் தம்பி மனைவியின் குரல்.

"பொண்ணு அண்ணி. பொண்ணுன்னு சொல்லிடுங்க."

அடிப்பாவி, இத்தனை நாளும் இதற்குத்தானா அந்தக் கை வந்தது! அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பிக்கும். அவள் மீனை அவரிடமே நீட்டினாள்.

"எனக்குத் தெரியலப்பா. ரொம்ப நாளாவே கண்ணு தெரியல. பொண்ணையெல்லாம் தப்பாப் போட்டது நான். அவ பொறுக்கி எடுத்துட்டே இருந்தா. அவ கைக்கும் தப்பினதுதான் உங்க குளத்துல கெடக்குது."

அவர் மீனை வாங்கிக்கொண்டார். தன்னைப் போகச் சொன்னபோது கல்லாக நின்ற தம்பி மனைவி, அப்போதுதான் விம்மி அழுதாள்.