அக்கா ஃபெயில் போட்ட குங்ஃபூ பள்ளிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து, ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, "எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லுவியே, இதை எழுது. ஆனா என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதே" என்றாள்.

அக்கா லைசன்ஸ் டெஸ்ட் எடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாஸா ஃபெயிலா என்று சொல்பவள். ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டியிருப்பார்கள். மீதிப் பேருக்கு இன்னும் வண்டி ஓட்ட வரவில்லை.

எழுத உட்கார்ந்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது. ஊன்றுகோலை ஊன்றியபடி அவள்..." (அடித்துவிட்டேன். மழை வந்தாலே பாவமும் கூடவே வந்துவிடுகிறது.)

"பல நூற்றாண்டுகளுக்கு முன், சீனத்து மலையொன்றில்..." (அவ்வளவு தூரம் போக எனக்குத் தெம்பில்லை.)

"அக்காவுக்கு ஃபெயில் போடத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது." இது இருக்கட்டும்.

2

போன வருடம் டெஸ்டுக்கு வந்த ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் சுவரில் மோதி அக்காவின் வலது முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. டெஸ்ட் எடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை அழுத்திப் பிடிக்கக் கால் ஒத்துழைக்காவிட்டால் அந்த இருக்கை கிடையாது. அலுவலகத்தில் அவளை டோக்கன் கொடுக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

பயிற்சி தந்த தெரபிஸ்ட், அக்கா எதைச் செய்தாலும் "சூப்பர் மேடம்" என்றார். செய்யாவிட்டாலும் சூப்பர்தான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

(குங்ஃபூ எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அங்க நிக்கிறதையே ஒரு பாடமா சொல்லித்தர்றாங்களாம்டா" என்றாள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னதாம்.)

3

முதல் பள்ளியில் கண்ணாடிக் கதவு, அலமாரி நிறையப் பரிசுக் கோப்பைகள், பட்டுச் சட்டை போட்ட மாஸ்டர். தொடாமலே ஆளைச் சாய்க்கும் வித்தை தன் பரம்பரைக்கே உரியது என்றார். எத்தனை தலைமுறைப் பரம்பரை என்று அக்கா கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்ட அவர் கையை உயர்த்தினார். பின்னால் நின்ற சீடர் தொப்பென்று விழுந்தார்.

டெஸ்ட் ரூட்டை மனப்பாடம் செய்தவன் திருப்பம் வரும் முன்பே இண்டிகேட்டர் போடுவான். அந்த ரகத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஃபெயில்.

(மாஸ்டரை ரொம்பக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்து அக்காவிடம் கேட்டேன். விழுந்தது இரண்டு பேராம். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று ஒருவரைக் குறைத்துவிட்டேன்.)

இரண்டாவது பள்ளியில் ஊன்றுகோலைப் பார்த்ததுமே நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தால் போதும் என்றார்கள். அவர்களுக்கும் ஃபெயில்.

4

மூன்றாவது, டயர் கடை மாடியில். வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே நுழைபவர்கள் சுவரில் இருந்த ஒரு பழைய படத்துக்குத் தலை வணங்கினார்கள். சிஃபூ, அதாவது குரு, ஒரு பெண். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர்.

அவர் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்ததுபோல நின்றார். குதிரை நிலை என்று அதற்குப் பெயர். சீடர்கள் வரிசையாக வந்து அவரைத் தள்ளினார்கள். அந்தப் பள்ளியின் வழக்கம் அது. பேக்கரிக்காரர் ஒருவர் தள்ளியதில் சிஃபூ ஓரடி பின்னால் போய்விட்டார். யாரும் பதறவில்லை. அவர் பேக்கரிக்காரரை வணங்கிவிட்டு மறுபடி நின்றார்.

அடியும் தடுப்புமாகக் கோத்த பாடத்தை அங்கே வரிசை என்பார்கள். உங்களுக்கு எல்லா வரிசைகளும் தெரியுமா என்று அக்கா கேட்டாள்.

"கடைசி வரிசை பாதிதான் வரும். மீதியைச் சொல்லித்தர்றதுக்குள்ள எங்க சிஃபூ காலமாயிட்டாரு. அதனால நானும் பாதிதான் சொல்லித்தர்றேன்."

தனக்கு வராததை வராது என்று சொன்ன ஒருவரை அக்கா தன் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. அந்த இடத்திலேயே பாஸ் போட்டுவிட்டாள்.

அடுத்து அவள் முறை. குதிரை நிலையில் நின்றாள். பேக்கரிக்காரர் பாவம் பார்த்து விரல் நுனியால் தொட்டார்.

"அவங்களை ஏமாத்தாதீங்க" என்றார் சிஃபூ.

இப்போது பேக்கரிக்காரர் நிஜமாகவே தள்ளினார். அக்கா விழுந்தாள். (இங்கே அவளை விழவிடாமல் ஒரு வரைவு எழுதினேன். "விழுந்தேன்னு எழுதுடா, விழுந்ததுதான் விசேஷம்" என்று அந்த வரைவை அடித்துவிட்டாள்.) யாரும் தூக்க ஓடிவரவில்லை. ஊன்றுகோல் வாசலில் இருந்தது. கையை ஊன்றித் தானே எழுந்தாள்.

"முட்டி உள்பக்கம் சாயுது. ஃபெயில். நாளைக்கு வாங்க" என்றார் சிஃபூ.

அன்று என் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோப்பை வாங்கியவர்கள்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

5

முடிவு ஒன்று: பழைய இருக்கையில் அக்கா. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவர, சரியான நேரத்தில் அவள் பிரேக்கை...

("அந்தக் குழந்தை எங்கேருந்துடா வந்துச்சு?")

முடிவு இரண்டு: கால் தேறவில்லை, ஆனாலும் உள்ளத்தில் ஒரு...

("பாவமா காட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?")

நிஜம் இதுதான். வரும் புதன்கிழமை அலுவலகத்தில் அவள் காலைச் சோதிக்கப்போகிறார்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நேற்று டயர் கடை மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தேன். குதிரை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். தொடை நடுங்கியது, நெற்றியில் வியர்வை வழிந்தது, ஆனால் முட்டி உள்ளே சாயவில்லை. என் அக்கா என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அவளை அப்படியே நிற்கவைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். பேக்கரிக்காரர் தள்ளி முடித்துவிட்டார். வரிசையில் அடுத்து நீங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், அவள் தோளில் கையை வையுங்கள், தள்ளுங்கள்.

பலத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் உங்களுக்கும் ஃபெயில் போட்டுவிடுவாள்.