கடைசிப் பாட்டில் ஒரு குறை

என் மாமனார் கடைசிப் பாட்டை எழுதி முடித்துத் தூரிகையைக் கீழே வைத்தார். மை காயவில்லை, உயிர் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் நான். அதனால்தான் எங்கள் வீட்டுக்காரர் படுத்த படுக்கையானதும் அவருடைய சீடர்கள் மை உரைக்கிற கல்லும் தாளுமாக வந்து இறங்கியபோது நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர் பெயர் கன்ரோ. கியோத்தோவில் மூன்று வரிப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஆசான்களில் பேர் எடுத்தவர். பாட்டுக்காரன் என்று பேர் வாங்கியவன் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்லாமல் செத்தால் ஊர் சிரிக்கும். சொல்லிவிட்டுச் சாகாமல் இருந்தால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். கீழத் தெருவில் ஒருத்தர் அப்படிப் பிழைத்து எழுந்துவிட்டு, ஊர்ப் பொதுக் குளியல்கடைக்குக்கூட முகத்தை மூடிக்கொண்டு போனார். அந்த மாதிரி ஒரு மானக்கேடு எங்கள் வீட்டுக்கும் வரக்கூடாதா என்று நான் புத்தர் முன்னால் கைகூப்பி வேண்டியிருக்கிறேன். ஆனால் அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் கிடைக்காது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். பாட்டு வெளியே வந்தால் உயிரும் கூடவே வந்துவிடும்.

சீடர்கள் பக்கத்து அறையிலேயே குடியேறிவிட்டார்கள். அவர்களில் மூத்தவன் ஹகுரின், அரிசி மண்டிக்காரர் மகன். துக்கம் வருவதற்கு முன்பே முகத்தில் துக்கத்தைப் பூசிக்கொண்டு வந்திருந்தான்.

"அம்மா, ஆசான் ஏதாவது சொன்னாரா?"

"கஞ்சி வேண்டாம்னு சொன்னார்."

"அது இல்லம்மா..."

"எது இல்ல? என்ன வேணும்னு வாயைத் திறந்து கேளுங்களேன், பார்ப்போம்."

தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கே போய்விட்டான். ஆனால் சாயங்காலம் அடுக்களைக்கே வந்துவிட்டான். "கோவிச்சுக்காதீங்கம்மா. ஆசானால முடியாமப் போயிட்டா என்ன பண்றது? அதான், நானே ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். அவர் பேர்லயே போட்டுடலாம்" என்று சொல்லி அதைப் பாடியும் காட்டினான். அதில் நிலா இருந்தது, பனித்துளி இருந்தது, தாமரை இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. ஆயுசு முழுக்க ஒரு சொல்லுக்காகச் சோற்றை ஆறவிட்ட மனுஷன், இந்தப் பாட்டோடா ஊர் நினைவில் நிற்க வேண்டும்? பாட்டுச் சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அவர் பேரே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் முள்ளங்கியை நறுக்கினேனா விரலை நறுக்கினேனா என்று தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பாட்டையும் முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பதுதான் அவர் பழக்கம். குறை சொன்னால் கோபப்படுவார், பிறகு மாற்றிவிடுவார். குறையோடு ஒரு பாட்டையும் வெளியே விட்டதில்லை. மறுநாள் காலையில் கஞ்சி ஊட்டும்போது அந்தப் பழக்கப்படியே மெல்ல ஆரம்பித்தார்.

"தொமே, கேளு. மின்மினி ஒன்று, என் கையை விட்டு, இருட்டுக்குள் போகிறது."

கடைசிப் பாட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடியே குறையைப் பிடித்துவிட்டேன். "ஏங்க, வாசல்ல உறைபனி கொட்டிக் கிடக்கு. கோடையில வர்ற மின்மினிக்கு இப்ப எங்க போவீங்க?"

"அட, ஆமால்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றைய பொழுது தப்பியது.

அடுத்த பாட்டில் குயில் கூவியது. குளிர்காலத்தில் குயில்! அதையும் சொன்னேன். அதற்கடுத்ததில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தது. அதையும் சொன்னேன். ஒவ்வொரு குறைக்கும் ஒரு நாள் எனக்குக் கூலியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. சந்தோஷம்தான். ஆனால் கூடவே இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. பருவம் தப்பினால் பாட்டே இல்லை என்று புதுச் சீடனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறவர் இவர். அவர் வாயில் இப்படி வருகிறதென்றால் காய்ச்சல் புத்தியைத் தின்ன ஆரம்பித்துவிட்டதா? உடம்புக்கு முன்னால் ஆள் போய்க்கொண்டிருக்கிறாரா?

அவரைப் படுக்கையில் தள்ளிய வயிற்றுக் கட்டி அதற்குள் கல்லாகிவிட்டது. வைத்தியர் கொடுத்த கஷாயம் தொண்டையில் இறங்கவில்லை. வலி வரும்போது சீடர்களுக்குக் கேட்கக்கூடாதென்று போர்வையைக் கடித்துக்கொள்வார். வலி விட்ட பிறகு போர்வையில் ரத்தம் இருக்கும். நான் அதைத் திருப்பிப் போட்டு மூடுவேன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம், குளிர்மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அவர் நெற்றிக்குத் துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

"தொமே."

"பேசாதீங்க. களைச்சுப் போயிடுவீங்க."

"முள்ளங்கி பிடுங்கிய குழி. குளிர்மழை வந்து, நிறைத்துவிட்டுப் போகிறது."

துணியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பருவம் சரி. வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லை. எங்கள் கொல்லைப்புறம்தான் அது. போன வாரம் நான் பிடுங்கிய முள்ளங்கிதான். குறை தேடினேன். சந்தையில் காசைத் தொலைத்தவள் தரையைத் தேடுகிற மாதிரி மூன்று வரியிலும் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"குழின்னு... குழின்னு சொல்றது அபசகுனமா இருக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலி வந்துவிட்டது. அது அடங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"பைத்தியக்காரி. குளிர்காலத்துல நான் குயிலை வைப்பேனா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன்.

"நீ கண்டுபிடிக்கணும்னுதான் வச்சேன். நீ குறை சொல்லணும், நான் இன்னொரு நாள் இருக்கணும். ஊருக்கெல்லாம் சாவைப் பத்திப் பாடம் எடுத்தேன். எனக்கு வரும்போது பயமா இருக்குடி. ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தாங்க" என்றேன். அழுதுவிட்டேன். காய்ச்சல் புத்தியைத் தின்னவே இல்லை. முழு ஆளாக உள்ளே உட்கார்ந்து, எமன் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"இப்ப வலி பயத்தைத் தாண்டிடுச்சு. அதான் இதுல ஒண்ணும் வைக்கல. நீ குறை இருக்குன்னு சொன்னா இன்னைக்கும் மாத்தறேன். சத்தியமா மாத்தறேன். நீயே சொல்லு."

என் தலையில் போட்டுவிட்டார், பாவி. ஒரு பொய் போதும். நாளைக்கும் இந்த மூச்சும் இந்த முனகலும் என் பக்கத்தில் இருக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் உதட்டைப் பார்த்தேன். கடித்துக் கடித்துத் தோலே இல்லை.

"குறை இல்லைங்க" என்றேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். பேச்சுச் சத்தம் கேட்டதோ என்னவோ, காகிதக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹகுரின் வந்தான். கையில் தூரிகை, மை சொட்டச் சொட்ட. "ஆசானே, இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று காதருகே குனிந்தான். அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பாட்டை வெளியே விடக்கூடாதென்று தவம் கிடந்த இந்த வாய்தான் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் வரி சொன்னேன். அவர் விரல்கள் என் விரல்களை இறுக்கின. இரண்டாம் வரி சொன்னேன். பிடி இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஹகுரின் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி, "அப்புறம்மா?" என்றான்.

அவர் என் கையை மெல்ல ஒரு தடவை அழுத்தினார். சொல்லு என்கிறார்.

சொன்னேன்.