பென்ஹாலோ உறுப்பினர் மேல் பெய்த பனி

1866 பிப்ரவரியில், நிழலிலேயே நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், சட்டசபைக்குள் பென்ஹாலோ தொகுதி உறுப்பினர் ஜேபஸ் டிரெஜென்ஸாவின் மேல் பனி பெய்தது. அவர் மேல் மட்டும்தான் பெய்தது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த உறுப்பினரின் தோளில் ஒரு பொட்டு விழவில்லை. இடப்பக்கம் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று கம்பளி விலை சற்று இறங்கியிருந்தது, கோதுமை அப்படியே இருந்தது. நாய் உரிமக் கட்டணம் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்துகொண்டிருந்ததால் யாரும் உடனே கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் கூரைச் சுண்ணாம்பு உதிர்கிறது என்றே நினைத்தார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரைத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் அப்போது குடியேற்றத்துக்கு ஒரு பாராளுமன்றம் வைத்திருந்தார்கள். எங்களுடையது அளவில் சிறியது, சத்தத்தில் எதற்கும் இளைத்ததல்ல. கடைசியில் எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, உறுப்பினரல்லாத எவரும் சபைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி, ஆகவே பனியை வெளியேற்ற வேண்டும் என்றார். சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வெளியாள் என்றால் கதவு வழியாக வந்திருக்க வேண்டும், பனி கதவு வழியாக வரவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு நாய்களுக்குத் திரும்பினார்.

காரணம் ஆளும் தரப்புக் கொறடா சைலஸ் பிளண்டலுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சபையில் ஜோடி போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு தரப்பு உறுப்பினர் வர முடியாமல் போனால், எதிர்த் தரப்பில் ஒருவர் அவருக்கு ஜோடியாகித் தானும் வாக்களிக்காமல் இருப்பார். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைய, கணக்கு நேராகிவிடும். இது எந்த விதியிலும் எழுதப்பட்டதில்லை. கைகுலுக்கினால் முடிந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களை வாரத்துக்கு ஒன்று மீறிய கனவான்கள்கூட ஜோடியை மட்டும் மீறியதில்லை. மனிதனுக்கு எங்காவது ஓரிடத்தில் வெட்கம் இருந்துதானே ஆக வேண்டும். முந்தைய ஆண்டு ஜூலையில் தேநீர் அறையில் டிரெஜென்ஸா மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி தின்றுகொண்டிருந்தபோது, எதிர்த் தரப்பு டங்கன் ஓகில்வி வந்து எதிரில் நின்றார். ஓகில்வி பெரிய மேய்ச்சல்காரர். தன் ஆடுகள் எத்தனை என்பது அவருக்கே தெரியாது, ஆடுகளுக்கும் தெரியாது. எங்கள் ஊரான பென்ஹாலோவுக்கு நல்ல தண்ணீர் வர வேண்டுமானால் அவர் நிலத்து ஊற்றிலிருந்துதான் குழாய் போட வேண்டும். அதற்கு எட்டு ஆண்டுகளாக அவர் குறுக்கே நின்றார்.

"உங்ககிட்ட கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஸ்காட்லாந்துல படிக்கப்போட்ட எம் பொண்ணு நெஞ்சு சளியில படுத்துட்டா. கப்பல்ல கூட்டியாரவும் முடியாதுன்னுட்டாங்க" என்றார் ஓகில்வி.

"பேரு என்ன?" என்றார் டிரெஜென்ஸா.

"எல்ஸ்பெத்."

"போயிட்டு வாங்க. நீங்க திரும்பி வந்து உங்க பெஞ்சுல உக்கார்ற வரைக்கும் நான் ஓட்டுப் போட மாட்டேன்."

ஜோடி சேருகிற யாரும் எந்தத் தேதி வரை, எந்த மசோதா நீங்கலாக என்று கேட்டுக்கொள்வார்கள். பாலைக் குடிக்கும் பூனைக்குக்கூட அவ்வளவு சூதானம் உண்டு. டிரெஜென்ஸா பெயரைக் கேட்டார், தேதியைக் கேட்கவில்லை. அவருடைய மூன்று வயது மகள் எங்கள் ஊர் ஓடைத் தண்ணீரால் வந்த காய்ச்சலில் போயிருந்தாள். அந்தத் தண்ணீரை மாற்றுவதற்காகத்தான் சுரங்கக்காரரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கியுமான அவர் தேர்தலிலேயே நின்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவன் வந்து நிற்கும்போது அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது.

ஜோடி என்பது ஒருவர் இல்லாத கணக்கை மற்றவர் சுமப்பது. இவர்கள் விஷயத்தில் கணக்கோடு வானிலையும் சேர்ந்து வந்துவிட்டது. ஓகில்வி கப்பலில் போன மாதங்களில் டிரெஜென்ஸாவின் கோட்டில் உப்புப் பூத்தது. தென்னமெரிக்காவின் தெற்கு முனையை அவர் கப்பல் சுற்றிய வாரம் இவர் கல்வி மானிய விவாதத்தின் நடுவே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். கோடையில் பனி வந்த பிறகு சபை அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிற்றுண்டிச்சாலைக்காரர் வெண்ணெயை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தார். உறுப்பினர்கள் தங்கள் புட்டிகளை அவர் பெஞ்சுக்கடியில் செருகினார்கள். மதுவைத் தொடாத அந்த மெதடிஸ்ட் பிரசங்கியைச் சுற்றி ஒரு சாராயக்கடையே திறந்தது. அவர் பக்கத்து இடத்துக்கு அடிதடி வந்தது. எதிர் வரிசையிலிருந்து மூன்று பேர் கொள்கை மாறிவிட்டதாக அறிவித்து இந்தப் பக்கம் வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெயில் தணிந்த மார்ச்சில் அவர்களுக்குப் பழைய கொள்கை திரும்பியது.

தண்ணீர் மசோதா ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்தக் கோடையில் பென்ஹாலோவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. தச்சர் சவப்பெட்டிகளைச் சிறிய அளவிலேயே முன்கூட்டிச் செய்து வைத்திருந்தார். பிளண்டல் தலைகளை எண்ணிப் பார்த்தார். டிரெஜென்ஸா வாக்களித்தால் ஒரு வாக்கில் வெற்றி. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று வாக்களிப்பது எங்கள் சபாநாயகர்களின் வழக்கம். லண்டனுக்குக் கடலடித் தந்தி வராத காலம் அது. கடிதம் போட்டு ஓகில்வியிடம் ஜோடியிலிருந்து விடுதலை வாங்குவதற்குள் மசோதாவும் பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

"யோவ் டிரெஜென்ஸா, அந்த ஆளு பூமிக்கு அந்தாண்ட கெடக்கான். நீ இந்தப் பக்கம் வந்து நின்னா அவனுக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் பிளண்டல்.

டிரெஜென்ஸா மீசையிலிருந்த பனியைத் தட்டிவிட்டார். "தெரியாதுங்கிறீங்களா?"

அவர் மனைவி லவ்டே அன்று கோச்சு வண்டியில் வந்திருந்தாள். பெண்கள் மாடத்துப் படிக்கட்டில் அவரை மடக்கினாள். "வாக்குக் குடுத்தது நீங்க. சேத்துத் தண்ணி குடிக்கிறது ஊருப் புள்ளைங்க. எந்த ஊரு நியாயம் இது?"

"அவன் புள்ள சாகக் கெடக்குன்னு போயிருக்கான், லவ்டே. போற புள்ளையப் பக்கத்துல இருந்து பாத்தவன் நான்."

"நானும்தான் பாத்தேன்" என்றாள் லவ்டே.

வாக்கெடுப்புக்கு மணி அடித்தது. கதவைப் பூட்டுவதற்கு முன் டிரெஜென்ஸா வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார். உள்ளே இரண்டு பக்கமும் சமமாக நின்றது. சபாநாயகர் வழக்கப்படி வாக்களித்தார். மசோதா செத்தது. வெளியே பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றிருந்தவர் மேல், ஸ்காட்லாந்தில் அன்று பருவம் தவறிப் பெய்த கடைசிப் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஊரில் அவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாறையைக் குடைந்து செம்பு எடுக்கத் தெரியும். கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. கோச்சு வண்டியிலிருந்து அவர் இறங்கியதும் சுரங்கக்காரன் ஒருவனின் பெண்சாதி ஹானர் பாஸ்கோ, தெருவே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"வாங்க மெம்பரய்யா. எம் புள்ளைக்குத் தண்ணி கொண்டாறேன்னு போனீங்களே, எங்க? தொப்பிக்குள்ள வெச்சிருக்கீங்களோ?"

கேலி என்பது டிரெஜென்ஸாவுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. பிடிபட்டிருந்தால் அரசியலுக்கே வந்திருக்க மாட்டார். வண்டியில் மடியில் மல்லாத்தி வைத்திருந்து அப்படியே ஏந்தி வந்த தொப்பிக்குள் பார்த்தார். இருந்தது. வழியெல்லாம் விழுந்த பனி உருகி, கண்ணாடிபோல ஒரு கோப்பையளவு. நீட்டினார். ஹானர் அவர் முகத்தைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தொப்பி காலியாக இருந்தது. அவள் அண்டாவை எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிர்வாகம்தான். மெதடிஸ்ட் கோயிலின் தகரக் கூரை உச்சியில் ஒரு நாற்காலியை ஆணியடித்துப் பொருத்தினார்கள். சபை கூடாத மாதங்களில் டிரெஜென்ஸா அதில் உட்கார்ந்து பிரசங்கம் தயாரித்தார், கூரையிலிருந்து தண்ணீர் தொட்டிக்கு இறங்கியது. எங்கள் ஓடை வற்றுகிற டிசம்பர், ஜனவரியில்தான் ஸ்காட்லாந்தில் கடும்பனி என்பதால், வேண்டியபோது வேண்டிய அளவு கிடைத்தது. ஜூலையில் வெறும் தூறல். அப்போது எங்களுக்கே மழை உண்டு. இரண்டாம் கோடையில் தச்சர் சிறிய பெட்டிகளைப் பிரித்துக் கோழிக்கூடு செய்தார். லவ்டே அவரோடு ஓராண்டு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஏணியில் ஏறிச் சூடான பேஸ்டியை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவர் தின்று முடிக்கும்வரை குடை பிடித்தாள். தண்ணீர் குறைகிறதே என்று கீழேயிருந்து யாராவது முணுமுணுத்தால், "அந்தாளு திங்கட்டும், அப்புறம் குடிங்கடா" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

ஓகில்வி பக்கத்துக் கதையைக் கம்பளி வாங்கப் போய்த் திரும்பிய வியாபாரி ஒருவர் சொன்னார். அங்கே பனிக்காலத்தில் ஓகில்வியைச் சுற்றி மட்டும் எங்கள் வெயில் அடிக்கிறதாம். நாற்காலியில் சிவப்பு மண் படிகிறது, மூக்கில் எங்கள் ஈ உட்காருகிறது. மருத்துவர்கள் எல்ஸ்பெத்துக்கு உலர்ந்த வெப்பக் காற்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், இருமல் நின்றது. அவர் இரண்டு முறை கப்பலுக்குச் சீட்டு எடுத்தார். இரண்டு முறையும் துறைமுகம் போவதற்குள் வீட்டில் இருமல் திரும்பிவிட்டது என்று ஆள் ஓடி வந்தான். ஊரார் அவரைச் சுற்றி வைக்கோல் உலர்த்துகிறார்கள், அவர் வேண்டாமென்று சொல்வதில்லை என்றார் வியாபாரி.

ஆனால் இரண்டு கூட்டத்தொடர்கள் அனுமதியின்றி வராத உறுப்பினரின் இடம் காலியாகும் என்பது எழுதப்பட்ட விதி. இடம் போனால் ஜோடி போகும், ஜோடி போனால் பனி போகும். ஓகில்விக்கு விடுப்புக் கொடுக்கும் தீர்மானம் வரவிருந்த வாரம், டிரெஜென்ஸாவின் விரல்கள் ஈரத்தில் வீங்கிக் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தன. தூங்கும்போதும் நனைவதால் அவர் படுக்கை சமையலறைக் கல்தரைக்கு மாறி நெடுநாளாகியிருந்தது. லவ்டே அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அவர் கையில் கொழுப்புத் தேய்த்தாள்.

"தீர்மானம் தோத்தா நீங்க காஞ்சிருவீங்க. பிளண்டல்கிட்ட நான் வேணா சொல்லவா?"

"அந்தப் பொண்ணுக்கு இப்ப பதினெட்டு ஆயிருக்கும்" என்றார் டிரெஜென்ஸா.

"எந்தப் பொண்ணு?"

"எல்ஸ்பெத்."

லவ்டே தேய்த்த கையைத் துணியால் சுற்றினாள். பிறகு மறு கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப இன்னும் ரெண்டு கம்பளிக் காலுறை பின்னணும்" என்றாள். அவர்களுடைய சண்டை முடிந்தது அன்றுதான் என்று எங்கள் ஊரில் கணக்கு.

தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. அவசரக் குடும்ப அலுவல் காரணமாக மாண்புமிகு ஓகில்விக்கு விடுப்பு. அந்தச் சபையில் விவாதமில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது. மனிதாபிமானம் என்று சிலர் சொன்னார்கள், வெண்ணெய் என்று சிலர் சொன்னார்கள், இரண்டும் இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்தார்கள். அரசாங்கங்கள் பதினைந்து கவிழ்ந்தன, விடுப்பு கவிழவில்லை. ஓகில்வியின் தொகுதியில் வராத அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வந்துபோன காலத்தைவிட வராத காலத்தில் அவரால் நன்மை அதிகம் என்று அந்தத் தொகுதிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். டிரெஜென்ஸா அத்தனை ஆண்டுகளில் ஒரு வாக்குகூடப் போடவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தார்.

1887 ஜனவரியில் அவர் இறந்தார். பனி நிற்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களின் கை விறைத்தது. ஜோடியில் ஒருவர் செத்தால் ஜோடி முடிந்ததாகுமா என்று சபையில் ஒரு பிற்பகல் பேசினார்கள். போனவர் கொடுத்த வாக்கைப் போனவர்தான் திரும்பப் பெற முடியும் என்று முடிவாயிற்று. நான்காண்டு கழித்து ஓகில்வியும், பேரப்பிள்ளைகள் சூழ, அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவர் கல்லறைக் கல் எப்போதும் சூடாக இருப்பதால் அந்த ஊர்ப் பூனைகளெல்லாம் அதன் மேல்தான் தூங்குகின்றன என்று கேள்வி.

ஓகில்வி இனித் திரும்பி வந்து தன் பெஞ்சில் உட்காரப்போவதில்லை என்பதால், இங்கே டிரெஜென்ஸாவின் குழிமேல் பனி நிற்கவில்லை. அரசாங்கப் பொறியாளர் ஒருவர் வந்து மேடும் பள்ளமும் அளந்தார். கல்லறைத் தோட்டம் ஊரைவிட உயரத்தில் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. டிரெஜென்ஸாவின் குழிக்குக் கீழ்ச்சரிவில் தொட்டி கட்டிக் கடைத்தெரு வரை குழாய் இறக்கினார். லவ்டே கோடையில் ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் துடைப்பமும் வாளியுமாக மேட்டில் ஏறுவாள். கல்லில் அவர் பெயரை மூடியிருக்கும் பனியை ஒதுக்கிவிட்டு, அதையும் வீணாக்காமல் வாளியில் அள்ளிக்கொண்டு, பேஸ்டிக்கு மாவு பிசைய வீட்டுக்குப் போவாள்.