பெயரை எடுத்தது யார்

லோம் என்ற ஊரில் சாவுச் செய்தி வாய்வழியாகப் பரவுவதற்குள் சுவரில் ஏறிவிடும். படத்தோடு அஞ்சலித் தாள், அடியில் துக்கப்படுகிறவர்களின் பெயர்கள்.

போன வருடம் இத்தாலியிலிருந்து அடித்துப் பிடித்து வந்து இறங்கிய தெனித்சா, பஸ் நிறுத்தச் சுவரிலேயே அப்பா மெத்தோதியின் முகத்தைப் பார்த்தாள். அடியில் ஒரே பெயர்: 'துயருறும் மகள் ருமியானா'. இரண்டு பெண்களைப் பெற்ற மனுஷனுக்கு ஊரறிய ஒரே மகள்!

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "நான் என்ன செத்தா போயிட்டேன்? என் பேரை எடுக்க நீ யாருடி?" என்று அக்காவைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். ருமியானா வாயே திறக்கவில்லை. ஊர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றது. அதோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

இப்போது முதலாண்டு நினைவுத் தாள் போட வேண்டும். இந்த முறை தெனித்சா முன்கூட்டியே ஊருக்கு வந்து முந்திக்கொண்டாள். தன் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், முதல் தாளை அக்கா வீட்டுக் கதவிலேயே ஒட்ட வேண்டும். அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

அச்சுக்கடை வெனெட்டா பழைய தாளைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள்.

"யார் யார் பேரும்மா போடணும்?"

"தெனித்சா. நான் மட்டும்."

வெனெட்டா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, அந்தத் தெனித்சா நீதானா? அக்கா பேரு வேண்டாமா?"

"அவ என் பேரை எடுத்தால்ல? நானும் எடுக்கிறேன்."

"அவ எங்கம்மா எடுத்தா? உன் பேரையும் சேர்த்துத்தான் எழுதிக்கிட்டு வந்தா. இதே மேசையில போனை வச்சு, ஸ்பீக்கர்ல போட்டு உனக்குச் சாவுச் சேதியைச் சொன்னா. நீதான் கத்தினே. 'என் பேரைப் போடாதே, எனக்கு அந்த ஆளு எப்பவோ செத்துட்டான்'னு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. போன் பேசினதுகூட ஞாபகமில்லையா உனக்கு?"

"பொய்!"

"எனக்கு என்னம்மா வந்துச்சு, பொய் சொல்ல?"

தெனித்சா அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். வேலை பார்த்த வீட்டில், படுக்கையில் கிடந்த இத்தாலியக் கிழவிக்குத் தலை அலசிக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. 'அப்பா போயிட்டார்டி' என்ற அக்காவின் குரல் இருந்தது. அடுத்து விமான டிக்கெட். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுடையதுதான். புருஷனை விட்டு வந்த அன்று அப்பா கதவைச் சாத்தினாரே, அதிலிருந்து ஆறு வருடமாக மனசுக்குள் அவள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அப்பா செத்த அன்றைக்கா அது வாயில் வர வேண்டும்?

வெனெட்டாவின் முன்னாலேயே அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா... அன்னைக்கு நானா சொன்னேன்?"

ருமியானா திருப்பிக் கேட்டாள்: "யாரு சொன்னது உனக்கு?"

"நானா சொன்னேன்?"

"ஆமா."

"ஊரே உன்னைக் காறித் துப்புச்சே. ஏன்க்கா வாயை மூடிட்டு இருந்தே?"

"எனக்கும் ஆத்திரம்தான்டி. உன்னை ஓங்கி அறையலாம்னுதான் பக்கத்துல வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தேன். நிஜமாவே உனக்கு ஞாபகம் இல்லை. அங்க வச்சுச் சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்டே."

தெனித்சா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வருடம் முழுக்கக் கோபம், கோபம் என்று அவள் சுமந்தது கோபமே இல்லை. அப்பா கடைசிவரை தன்னைக் கூப்பிடவில்லையே என்ற ஏக்கம். கூப்பிட்டிருந்தாலும் தான் போயிருக்க மாட்டோமோ என்ற பயம். இரண்டையும் தூக்கி அக்கா தலையில் போட்டிருக்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்காக அவள் அழுவது அதுதான் முதல் தடவை.

வெனெட்டா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா," என்றாள் தெனித்சா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தாள் போட வந்தேன். உன் பேருக்குக் கீழ என் பேரைப் போட்டுக்கட்டுமா?"

"என்னை எதுக்குடி கேக்கறே? அப்பா சாகறப்போ உன் பேரைத்தான் சொன்னார்."