கடைசிக் கரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த வாயால்தான் கெட்டேன்.

என் தம்பி றுஸ்திக்கும் ஸாதியாவுக்கும் கலியாணமாகி ஒன்பது வருடம். அவளுடைய சூலகம் முப்பது வயதிலேயே ஓய்ந்துவிட்டது. அதற்கு முன் கொழும்பில் உருவாக்கி உறையவைத்த மூன்று கருக்களில் இரண்டு வயிற்றில் தங்கவில்லை. மிஞ்சிய ஒன்று கருப்பையில் வைக்கத் தோதில்லை என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து படிவம் வந்திருந்தது. அழிப்பதா, ஆய்வுக்குக் கொடுப்பதா? தம்பி, அழிக்கச் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டான். ஸாதியாவின் கையெழுத்துத்தான் பாக்கி.

ஸாதியாவின் முகத்திலோ பெருநாள் களை. நாத்தனாரான என்னிடம் போனை நீட்டினாள்.

"மச்சி, இதப் பாருங்க. கருவில இரிக்கிற ஸ்டெம் செல்லில இருந்து லேபில முட்டை வளர்க்கிறாங்களாம். எலி குட்டியும் போட்டிருக்காம். வேற பொம்புளைட முட்டை நமக்கு மார்க்கத்தில கூடாது. இது எங்கட சொந்தக் கருதானே? மனிசருக்கும் சரிவாற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லுவமா?"

பேசாமல் இருந்திருக்கலாம். பிழை கண்டால் திருத்துகிற வகுப்புப் பழக்கம் விடவில்லை.

"அது சரிவராது புள்ள. அந்தக் கரு பெண்ணெண்டா, அதில வளர்ற முட்டை உன்ட முட்டை இல்ல. உன்ட மகள்ட முட்டை. றுஸ்தி அவக்கு வாப்பா. வாப்பாட விந்தோட எப்படிச் சேர்க்கிற?"

முட்டையைப் பற்றி அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"மகளா?" என்றாள்.

வைத்தியர் கரு என்றார். தம்பி 'அது' என்றான். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொன்ன முதல் ஆள் நான்தான்.

"பெண்ணெண்டா எண்டுதான் சொன்னன்," என்று சமாளித்தேன். அவள் காதில் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பெயர் தாய்வழியாக வருவது. பெண் பிறந்தால் அவளுக்கு வீடு கட்டக் கல் இறக்கத் தொடங்குகிற ஊர் காத்தான்குடி. ஸாதியாவின் வாப்பா பேத்திக்கென்று ஆசைப்பட்டுக் கட்டிய மேல்மாடி இன்னும் பூசாமல் கிடக்கிறது. அதற்கு ஏறும் படிக்கட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவ என்ட குடிதானே மச்சி?"

குண்டூசித் தலையிலும் சிறியது அது. ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. இருந்தும், "ஓம்," என்றேன்.

ஸாதியா படிவத்தை எடுத்தாள். தம்பியின் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"வாப்பா வெச்சிட்டாரு. உம்மா எப்படி மச்சி வெக்கிற?"